சுவர் இருந்தால்தான்

அந்த டங்ஸ்டன் கட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அகலம் 28 மில்லிமீட்டர், உயரமும் ஏறக்குறைய அவ்வளவே, கனம் 12 மில்லிமீட்டர். பார்வைக்குத் தீப்பெட்டியைவிடச் சிறியது. கையில் வாங்கினால்தான் அதன் எடை தெரியும். டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்திக்கு மிக நெருக்கம். பதினாறு பவுன் நகையை உள்ளங்கையில் வைத்தது போலக் கனக்கும். நடுவில் ஒரு விரல் நுழையும் துளை. துளையை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுத்தமான செம்பு. அதற்கும் உள்ளே, செம்போடு சிறிது குரோமியமும் சிர்கோனியமும் சேர்த்துச் செய்த குழாய். குழாய்க்குள் தண்ணீர் ஓடும்.

மணி கோப்பது போல இந்தக் கட்டிகளை ஒரே குழாயில் வரிசையாகக் கோக்கிறார்கள். தெற்குப் பிரான்ஸில் கதராஷ் என்ற இடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஈட்டர் என்ற பன்னாட்டு அணு இணைவு உலையின் அடிப்பகுதியில், வட்டமாக 54 பெரும் பெட்டகங்கள் வைக்கப்படும். ஒவ்வொன்றும் பத்து டன் அளவில் எடை கொண்டது. அவற்றின் முகத்தில் இத்தகைய கட்டிகள் லட்சக்கணக்கில் அணிவகுத்திருக்கும். அந்தப் பகுதிக்கு டைவர்ட்டர் என்று பெயர். அடுப்பில் சாம்பல் விழும் குழிதான் அது. ஹைட்ரஜனின் கனத்த வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்து எரிந்தபின் மிஞ்சும் ஹீலியம் அங்கேதான் வந்து விழும். கூடவே தீயின் சூட்டில் மிகக் கடுமையான பகுதியும் அங்கேதான் வந்து மோதும்.

இணைவு மின்சாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் உடனே 15 கோடி டிகிரிக்குப் போய்விடுகிறோம். சூரியனைப் புட்டியில் அடைக்கிறார்கள் என்று வியக்கிறோம். வியப்பு நியாயமானதுதான், பூமியில் மனிதன் மூட்டிய தீயில் அதைவிடச் சூடானது குறைவு. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையின் செய்திகளை விடாமல் படித்துவரும் எனக்கு, கேள்வியைத் தீயிடம் கேட்பதைவிடச் சுவரிடம் கேட்க வேண்டும் என்றே தோன்றுகிறது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் உடம்பைப் பற்றிச் சொல்வார்கள். இங்கே அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

டைவர்ட்டர் தாங்க வேண்டிய சூட்டுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: ஒரு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட், தொடர்ச்சியாக. இடையிடையே சில விநாடிகளுக்கு 20 மெகாவாட். எண்ணாகச் சொன்னால் இது மனதில் ஒட்டாது. வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் பெட்டியின் அடித்தகடு முழுவதும் பரவியிருக்கும் சூட்டை அப்படியே திரட்டிக் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் வைத்தால், அதுதான் சதுர மீட்டருக்கு 10 மெகாவாட். ஒவ்வொரு நகத்தளவு இடத்திலும் ஓர் இஸ்திரிப் பெட்டி. பக்கத்து நகத்தளவு இடத்தில் இன்னொன்று. நிமிடக்கணக்கில், பிறகு மணிக்கணக்கில், மின்நிலையம் என்று ஒன்று வந்தால் மாதக்கணக்கில்.

அந்தச் சூட்டில் கட்டியின் மேல்முகம் ஆயிரம் டிகிரி அளவுக்குக் காய்ந்திருக்கும். அங்கிருந்து ஒரு விரல் கனத்துக்குக் கீழே, நாற்பது மடங்கு காற்றழுத்தத்தில் ஓடும் தண்ணீர் நூறு டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். இவ்வளவு சிறிய தூரத்தில் இவ்வளவு பெரிய இறக்கம். தண்ணீர் நேராக ஓடினால் போதாது என்று, குழாய்க்குள் முறுக்கிய தகடு ஒன்றைச் செருகி அதைச் சுழன்று ஓட வைக்கிறார்கள். சுழலும் தண்ணீர் குழாய்ச் சுவரை வழித்துக்கொண்டு போகும்; நீராவிப் படலம் ஒட்டிக்கொள்ள இடம் விடாது. படலம் ஒட்டிவிட்டால் சூடு இறங்க வழியில்லை, குழாய் நொடியில் வெந்துவிடும்.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சூடேறும்போது செம்பு விரியும் அளவில் டங்ஸ்டன் கால்பங்குதான் விரியும். இரண்டையும் நேருக்கு நேர் ஒட்டினால், ஒவ்வொரு முறை உலை மூண்டு அணையும்போதும் ஒன்று இழுக்கும், மற்றது அசையாது, ஒட்டு விட்டுப்போகும். அதற்காகத்தான் நடுவில் அந்த ஒரு மில்லிமீட்டர் சுத்தச் செம்பு. அது மென்மையானது. இருபுறமும் இருக்கும் விறைப்பான இரண்டு உலோகங்களின் சண்டையைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, தானே நசுங்கி நெளிந்து கொடுக்கும். நகை செய்கிறவர் பற்றாசு வைத்து ஊதி ஒட்டுவது போன்ற வேலைதான் இதுவும். ஆனால் வெற்றிடச் சூளையில், அல்லது எல்லாத் திசையிலிருந்தும் சமமாக அழுத்தும் சூடான வாயுவுக்குள் நடக்கிறது. ஒட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொக்கை இருந்தாலும் சூடு அங்கே தேங்கும். ஆகவே ஒவ்வொரு கட்டியையும் ஒலியலை கொண்டு தட்டிப் பார்த்து, ஒட்டு முழுதாகப் பிடித்திருக்கிறதா என்று சோதித்த பிறகே அனுப்புகிறார்கள்.

ஒரு மில்லிமீட்டரின் மூன்றிலொரு பங்கு இந்த வேலையில் எவ்வளவு பெரிய அளவு என்பதையும் சொல்ல வேண்டும். பிளாஸ்மா என்று அழைக்கப்படும் அந்தத் தீயின் சூடு கட்டிகளின் மேல் செங்குத்தாக விழுவதில்லை. மாலை வெயில் போல மூன்று டிகிரி அளவுச் சாய்வில் உரசிக்கொண்டு வருகிறது. சாய்ந்த வெயிலில் சிறு மேட்டின் ஒரு பக்கம் மட்டும் பளீரென்று ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல, அடுத்தடுத்த இரண்டு கட்டிகளில் ஒன்று 0.3 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றுவிட்டால் அதன் விளிம்பு முழுச் சூட்டையும் நெஞ்சில் வாங்கி உருக ஆரம்பிக்கும். அதற்காக ஒவ்வொரு கட்டியின் முகத்தையும் அரை மில்லிமீட்டர் சாய்வாகச் சீவி, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் விளிம்பை நிழலில் மறைக்கும்படி செய்கிறார்கள். ஓட்டுக்கூரை வேய்கிறவருக்கு இந்த யோசனை புரியும்.

இங்கிலாந்தில் கல்ஹம் என்ற ஊரில் இருந்த ஜெட் உலையில் 2013-இல் ஒரு சோதனை நடந்தது. டங்ஸ்டன் விளிம்பு ஒன்றை வேண்டுமென்றே உயர்த்தி வைத்து, பிளாஸ்மாவை அதன்மேல் பாய்ச்சி, உருக்கிப் பார்த்தார்கள். உருகியது எங்கே ஓடுகிறது, தீக்குள் தெறித்து அதை அணைக்கிறதா என்று பார்ப்பதற்காக. விலை மதிக்க முடியாத ஒரு கருவிக்குள் தாங்களே ஒரு காயத்தை உண்டாக்கி, அது எப்படி ஆறுகிறது என்று கவனித்த அந்த மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இந்தத் துறையில் நான் நம்புகிற விஷயம் இந்த வகை நேர்மைதான்.

சோதனைகளின் கதையே தனி. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஜெர்மனியின் கார்ஹிங்கில், யூலிஹில், நம் குஜராத்தின் காந்திநகரில் என்று சில இடங்களில் பிளாஸ்மா இல்லாமலே அந்தச் சூட்டை உண்டாக்கும் கூடங்கள் இருக்கின்றன. எலெக்ட்ரான் கற்றையாலோ அணுக்கற்றையாலோ கட்டியின் முகத்தைச் சுடுவார்கள். பத்து விநாடி சூடு, பத்து விநாடி ஆறுதல், மறுபடி சூடு. ஈட்டருக்கான மாதிரிக் கட்டிகள் 10 மெகாவாட்டில் 5000 முறையும், 20 மெகாவாட்டில் 300 முறையும் இப்படி வெந்து ஆறி, ஒட்டு விடாமல் இருந்தால்தான் தேர்வு. 20 மெகாவாட்டில் பல கட்டிகளின் முகத்தில் நடுவாக ஒரு விரிசல் விழுந்தது. குழாயை நோக்கி நேராக இறங்கும் விரிசல். அது சூடு இறங்கும் வழியை அறுக்காததால் கட்டி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் விரிசல் விரிசல்தான். அதை எப்படித் தள்ளிப்போடுவது என்ற ஆய்வு இன்றும் நடக்கிறது.

விரிசலுக்குக் காரணம் டங்ஸ்டனின் பிறவிக் குணம். அந்தக் குணத்தை நம் தலைமுறை வீட்டிலேயே பார்த்திருக்கிறது. எங்கள் வீட்டில் குண்டு பல்பு எரிந்த காலத்தில், பியூஸ் போனதைக் கழற்றி அப்பா காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். அறுந்த இழை உள்ளே சிலிர்க்கும் ஓசை கேட்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்து, அறுந்த முனையை மற்ற முனையின்மேல் விழவைத்து மறுபடி மாட்டுவார். இன்னும் சில நாள் எரியும், முன்பைவிடக் கொஞ்சம் பிரகாசமாகவே. புதுப் பல்பின் இழை எளிதில் அறாது. எரிந்து பழகியதோ ஒரு தட்டுக்கே போய்விடும். உலோகத்தின் உள்ளே நூல் நூலாக நீண்டிருந்த மணிகள் சூட்டில் பருத்து, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடியை இழந்ததுதான் அதன் காரணம். டங்ஸ்டன் 3422 டிகிரியில்தான் உருகும், உலோகங்களில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் 1200, 1300 டிகிரியிலேயே அதன் உட்கட்டு இப்படி மாறத் தொடங்கிவிடும். குளிர்ந்த நிலையிலோ அது கண்ணாடி போல நொறுங்கும். பிழைத்திருக்க அதற்குக் கிடைக்கும் இடைவெளி, உருகுநிலையைப் பார்த்து நாம் நினைப்பதைவிட மிகக் குறுகியது.

அந்தப் பல்புக்கே பதிலும் கிடைத்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. நூறாண்டுக்கு முன் பல்பு செய்தவர்கள், டங்ஸ்டனோடு மிகச் சிறிதளவு பொட்டாசியத்தைச் சேர்த்து இழுத்தால் இழை தொய்யாமல், மணிகள் எளிதில் பருக்காமல் நிற்கும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். குண்டு பல்பு ஐரோப்பாவில் கடைகளை விட்டுப் போன அதே காலத்தில், கார்ஹிங்கிலும் யூலிஹிலும் இருந்த ஆய்வாளர்கள் அந்த இழையை எடுத்து டங்ஸ்டனுக்குள்ளேயே பதித்துப் பார்த்தார்கள். முடியைவிட இரண்டு மடங்கு தடிமன் உள்ள கம்பிகள், அவற்றைச் சுற்றி டங்ஸ்டன். மண்சுவருக்குக் குழைக்கும் சேற்றில் வைக்கோல் சேர்ப்பது எதற்காகவோ அதற்காகவேதான் இதுவும். சுற்றியுள்ள டங்ஸ்டன் விரிசல் விட்டாலும், குறுக்கே ஓடும் இழைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கட்டி ஒரேயடியாகப் பிளக்காது. இன்னொரு குழு குரோமியமும் சிறிது இட்ரியமும் கலந்து வேறொரு கவலைக்கு மருந்து தேடுகிறது. விபத்தில் தண்ணீர் நின்று, காற்றும் உள்ளே புகுந்தால், சூடான டங்ஸ்டன் ஆக்சைடாகி ஆவியாகப் பறந்துவிடும். அதோடு கதிரியக்கமும் பறக்கும். இந்தக் கலவை தன் மேல் தானே ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொண்டு அதைத் தடுக்கும்.

சுவர் எதனால் ஆக வேண்டும் என்பதே பலமுறை மாறியிருக்கிறது. முதலில் டைவர்ட்டருக்குக் கார்பன் என்று இருந்தது. கார்பன் உருகாது, விரிசலுக்கும் அஞ்சாது. ஆனால் டிரிட்டியத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். டிரிட்டியம் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதியாகத் தேயும் கதிரியக்கப் பொருள். கைக்கு எட்டுவதும் மிகக் குறைவு. அது சுவருக்குள் போய்ப் பதுங்கினால் எரிபொருளும் போச்சு, பாதுகாப்பும் போச்சு. 2013-இல் ஈட்டர் கார்பனை விட்டு டைவர்ட்டர் முழுவதும் டங்ஸ்டன் என்று முடிவெடுத்தது. மீதிச் சுவருக்கு பெரிலியம் என்ற திட்டம் இன்னும் பத்தாண்டு நின்றது. பெரிலியம் இலகுவானது, தீக்குள் சிறிது கலந்தாலும் தீங்கு இல்லை. ஆனால் 1287 டிகிரியில் உருகிவிடும். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. 2023-இல் அதையும் விட்டு டங்ஸ்டனுக்கே வந்தார்கள். டங்ஸ்டனிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 74 புரோட்டான் கொண்ட கனத்த அணு. லட்சத்தில் சில பங்கு தீக்குள் கலந்தாலே சூட்டை ஒளியாகக் கொட்டி அணைத்துவிடும். சுவர் தீயைத் தாங்கினால் போதாது, தீயைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும்.

இவ்வளவு தாமதமாக மாற்றலாமா என்று பலர் கேட்டார்கள். அந்த மாற்றமும் சேர்ந்து 2024-இல் வந்த புதிய அட்டவணையில், டியூட்டீரியம்-டிரிட்டியம் தீ 2039-க்குப் போய்விட்டது. என் மனதுக்கு அது தோல்வியாகப் படவில்லை. தவறான சுவரோடு முன்பே தொடங்கியிருந்தால், இடையில் நிறுத்தி, கதிரியக்கத்துக்குள் கைவிட்டு அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் சூட்டின் கதை. சூட்டைவிடக் கடுமையானது நியூட்ரான். இணைவில் பிறக்கும் 17.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1-ஐ நியூட்ரான்தான் சுமந்து செல்கிறது. தீயைச் சுவரில் ஒட்டாமல் பிடித்து வைக்கும் காந்தப்புலம் அதைத் தடுக்காது. நேராகச் சுவருக்குள் புகுந்து அணுக்களை இருந்த இடத்திலிருந்து தள்ளிவிடும். ஐரோப்பா திட்டமிடும் அடுத்த உலையில் தீயைச் சுற்றி முதலில் பொருத்தப்போகும் சுவர்ப் போர்வையில், எஃகின் ஒவ்வோர் அணுவும் சராசரியாக 20 முறை இடம்பெயரும் வரை தாங்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உண்மையான மின்நிலையத்துக்கு அது மேலும் பல மடங்காகும். தள்ளப்பட்ட அணுக்களில் பெரும்பாலானவை திரும்பி ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடும். உட்காராதவை வெற்றிடங்களாக, முடிச்சுகளாக நின்று உலோகத்தை வீங்கவும் நொறுங்கவும் செய்யும். எஃகுக்குள் ஹீலியம் குமிழ்கள் பிறக்கும். டங்ஸ்டன் அணுக்களில் சில ரீனியமாகவும் ஆஸ்மியமாகவும் மாறிவிடும். நாம் வைத்த சுவர் வேறு, சில ஆண்டுகளில் அங்கே நிற்கும் சுவர் வேறு.

அந்த நியூட்ரானை எங்கே போய்ச் சோதிப்பது? இன்றைய அணுமின் உலைகளின் நியூட்ரானுக்குப் பிறக்கும்போதே சராசரியாக 2 மெகா எலெக்ட்ரான் வோல்ட்தான் ஆற்றல். அதில் வைத்துப் பார்த்தால் ஹீலியம் சரியாகப் பிறக்காது. இணைவு உலையின் பொருளைச் சோதிக்க இணைவு உலையே வேண்டும். உலையைக் கட்ட, சோதித்த பொருள் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஸ்பெயினில் கிரனாடா அருகே எஸ்குசார் என்ற ஊரில் டோன்ஸ் என்ற கூடத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டியூட்டீரியக் கற்றை ஒன்றை, வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் திரைபோல் விழும் உருகிய லித்தியத்தின் மேல் அடித்து, அந்தச் சாரலில் பிறக்கும் நியூட்ரானில் சின்னஞ்சிறு உலோகத் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். உலையைவிட இந்தக் கூடத்துக்கு முன்னதாகவே பணம் கிடைத்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகளாக அது வரைபடத்திலேயே இருந்தது எனக்கு வருத்தம்.

நம் ஊரிலும் இந்தச் சுவரின் ஒரு பகுதிக்கு வேலை நடந்திருக்கிறது. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத்தின் மிதானி ஆலை மூன்றும் சேர்ந்து இணைவு உலைக்கென்றே ஓர் எஃகை உருவாக்கின. அனல்மின் நிலையக் கொதிகலன்களில் நன்கு பழகிய 9 சதவீதக் குரோமிய எஃகுதான் அடிப்படை. அதில் இருந்த மாலிப்டினத்தை எடுத்துவிட்டு டங்ஸ்டன், நயோபியத்தை எடுத்துவிட்டு டேன்டலம். காரணம் எளியது. நியூட்ரான் பட்ட நயோபியத்தில் பிறக்கும் ஒரு வகைக் கதிரியக்கம் பாதியாகத் தேய 20,000 ஆண்டு ஆகும். டேன்டலமோ டங்ஸ்டனோ அப்படி இல்லை. சுமார் நூறாண்டில், கையாளும் அளவுக்கு அந்த எஃகின் கதிரியக்கம் அடங்கிவிடும். பேரப்பிள்ளைகளின் காலத்தோடு முடிகிற குப்பைக்கும், மனித வரலாற்றைவிட நீளமான குப்பைக்கும் இருக்கும் வித்தியாசத்தை, எஃகைக் காய்ச்சும்போதே முடிவுசெய்கிறார்கள்.

எவ்வளவு டங்ஸ்டன், எவ்வளவு டேன்டலம் என்று கண்டுபிடிக்க அவர்கள் செய்தது பொறுமையின் வேலை. பல கலவைகளைக் காய்ச்சி, ஒவ்வொன்றிலிருந்தும் விரல் நீளக் கம்பிகளைக் கடைந்து, 500 முதல் 600 டிகிரிச் சூளையில் எடையோடு தொங்கவிடுவது. சூட்டில் எடையைச் சுமக்கும் எஃகு கண்ணுக்குத் தெரியாமல் நீளும். தவழ்வு என்று அதற்குப் பெயர். ஒரு சோதனை பத்தாயிரம் மணி நேரம் என்றால், ஓராண்டுக்கு மேல் இரவும் பகலும் அந்தக் கம்பி அங்கே தொங்கும். மின்சாரம் போகக் கூடாது, சூடு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஆடக் கூடாது. இப்படித்தான் 1.4 சதவீதம் டங்ஸ்டன், 0.06 சதவீதம் டேன்டலம் என்ற அளவுக்கு வந்தார்கள். அந்த 0.06-க்குப் பின்னால் எத்தனை பேரின் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எஃகுக்கும் ஒரு கூரை உண்டு. 550 டிகிரிக்கு மேல் அது தளர்ந்துவிடும். 300-க்குக் கீழே நியூட்ரான் அடிபட்டு நொறுங்கும். டைவர்ட்டரின் செம்புக் குழாயோ 350-ஐத் தாண்டினால் மெலிந்துவிடும். ஆனால் மின்சாரம் எடுக்க வேண்டுமானால் வெளியே வரும் தண்ணீரோ ஹீலியமோ சூடாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் டர்பைன் சுழலாது. குளிர்விக்கவும் வேண்டும், குளிரவும் கூடாது. ஈட்டரிலிருந்து மின்சாரம் வரப்போவதில்லை, அது அதற்காகக் கட்டப்படவும் இல்லை. ஆகவே அங்கே குளிர்ந்த நீர் போதும். அதற்கு அடுத்த உலையில்தான் இந்த இழுபறியின் முழு வலி தெரியும்.

கதராஷிலேயே, ஈட்டரின் பக்கத்தில், வெஸ்ட் என்றொரு சிறிய உலை இருக்கிறது. அந்தப் பெயரின் முதலெழுத்தே டங்ஸ்டனின் குறியீடு. கார்பன் சுவரோடு இருந்த பழைய உலையைப் பிரித்து, ஈட்டருக்குப் போகும் அதே வகைக் கட்டிகளைக் கோத்த 456 வரிசைகளை அதன் அடியில் பதித்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரி 12 அன்று அதில் பிளாஸ்மா 1,337 விநாடி நின்றது. 22 நிமிடத்துக்கு மேல். உலகமெங்கும் செய்தியானது.

செய்தியில் வராத வேலை ஒன்று அங்கே ஒவ்வொரு கட்டச் சோதனைக்குப் பிறகும் நடக்கிறது. உலை ஆறியபின் கதவைத் திறந்து, உள்ளே இறங்கி, வரிசை வரிசையாகக் கட்டிகளைப் படமெடுக்கிறார்கள். முந்தைய படத்தோடு ஒப்பிடுகிறார்கள். எந்த விளிம்பு கருத்திருக்கிறது, எங்கே மயிரிழை விரிசல் புதிதாக ஓடியிருக்கிறது, போன முறை பார்த்த விரிசல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, அடுத்த வரிசைக்குப் போகிறார்கள்.